குதிரையும் சேணமும்

எலெக்ரிக் கிற்றாரில் தந்தி தகரம்போலச் சத்தம் போட்டால் எல்லோரும் முதலில் தந்தியைத்தான் குறை சொல்வார்கள். பிறகு அம்பிளிபயரை. அதற்கும் பிறகு வாசிக்கிறவனை. இந்த மூன்றையும் தாண்டி, தந்தி வந்து குந்தியிருக்கிற அந்த உலோகக் கட்டையைக் குனிந்து பார்க்கிறவர்கள் குறைவு. எங்கள் அறையிலும் இதே ஒழுங்கில்தான் நடந்தது. மூன்றாவது கட்டத்தில், அதாவது வாசிக்கிறவனில், விசயம் மாதக்கணக்காக நின்றுபோனது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

பெயர்களை முதலில் ஒழுங்குபடுத்திக் கொள்வோம். வீணையிலும் தம்புராவிலும் தந்திகளைத் தாங்குகிற கட்டையைக் குதிரை என்பார்கள். ஆங்கிலத்தில் அது பாலம். அந்தப் பாலத்தின்மேல் ஒவ்வொரு தந்திக்கும் ஒவ்வொன்றாக இருக்கிற சின்னத் துண்டுகளை ஆங்கிலேயர் சேணம் என்கிறார்கள். பாலத்துக்குச் சேணம் பூட்டியது யார் என்று கேட்கக்கூடாது. பிரெஞ்சுக்காரர் கட்டையைச் 'செவலே' என்கிறார்கள், சின்னக் குதிரை. அதன்மேல் உள்ள துண்டுகளுக்கு அவர்களிடம் 'பொந்தே' என்றொரு சொல், சின்னப் பாலம். ஒருவர் பாலத்தில் சேணம் வைக்கிறார், மற்றவர் குதிரையில் பாலம் கட்டுகிறார். எங்களிடம் குதிரை ஏற்கனவே இருப்பதால், சேணத்தை மட்டும் ஆங்கிலத்திடம் கடன் வாங்கிக்கொண்டால் கணக்குச் சரியாக வரும். மெட்டு என்று நாங்கள் எழுதுவது கிற்றாரின் கழுத்தில் விரல் வைக்கிற கம்பிகளை. அதுவும் வீணையின் சொல்தான்.

கிற்றார் எங்களுடையதல்ல. லா கூர்நேவில் நாங்கள் இருக்கிற அறையில் மூன்று கட்டில். ஒன்றில் அண்ணை. இணுவில் பக்கம். 1990களிலேயே வந்து, ஒரே குசினியில் இருபது வருடத்துக்கு மேல் நின்று, இப்போது முழங்கால் சரியில்லை. இன்னொன்றில் தம்பி. முல்லைத்தீவுக் கரையோரம். 2019 இல் வந்தவன், கோப்பை கழுவுகிறான். நடுக்கட்டில் எங்களுடையது. நாங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் இரண்டு வருடம் படித்தோம். மூன்றாம் வருடம் இல்லை. ஏன் இல்லை என்பதை இந்தப் பக்கங்களை வாசிக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இப்போது மரக்கறி வெட்டுகிறோம், கத்தி தீட்டுகிறோம். தலைமைச் சமையற்காரர் லீவு எடுத்தால் சோஸ் கிண்டுகிறோம்.

தம்பி அந்தக் கிற்றாரை மொந்ரொய் பழஞ்சாமான் சந்தையில் 70 யூரோவுக்கு வாங்கி வந்தான். பெயர் இல்லாத நகல். கிப்சன் கொம்பனி 1954 இல் தன் விலைகூடிய கிற்றார் ஒன்றில் பூட்டி விற்கத் தொடங்கிய குதிரை ஒன்று உண்டு. ஆறு தந்திக்கும் ஆறு தனிச் சேணம், ஒவ்வொன்றையும் சின்னத் திருகாணியால் முன்னும் பின்னும் நகர்த்தலாம். ரியூன்-ஓ-மற்றிக் என்று பெயர். நல்ல யோசனை. அதனால்தான் உலகத்திலுள்ள மலிவுக் கிற்றார்களில் ஏராளமானவை அதன் நகலைச் சுமக்கின்றன. நகலில் யோசனை வந்துவிடும், வேலைப்பாடு வராது. தம்பியின் கிற்றாரில் மூன்றாவது தந்தியை மீட்டினால் முதலில் ஒரு 'ஸ்ஸ்' என்ற கீறல், பிறகு சுரம், சுரத்தோடு கூடவே ஒரு ரீங்காரம். வறுகிற சட்டிக்குள் சுரத்தைப் போட்ட மாதிரி.

அவன் கிற்றார் பழகியது தேவாலயப் பாடகர் குழுவில், பெட்டிக் கிற்றாரில். இங்கே அவன் வேலை செய்கிற இடத்தில் நாலு பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். டிறம்ஸ் அடிப்பவன் கபிலிப் பொடியன். பேஸ் வாசிப்பவர் கொங்கோக்காரர். பாடுவது மேசைக்குச் சாப்பாடு கொண்டுபோகிற பிரெஞ்சுப் பிள்ளை. மதியச் சாப்பாடு முடிந்து இரவுச் சாப்பாடு தொடங்கும்வரை மூன்று மணித்தியால இடைவெளி இருக்கிறதல்லவா, றெஸ்ரோரன்ற் வேலைக்காரருக்கு வீட்டுக்குப் போய்வரவும் காணாது, தெருவில் நிற்கவும் கூடிப்போகிற அந்த மூன்று மணித்தியாலம். அதில் வாரத்தில் ஒருநாள் நாலு பேரும் காசு போட்டு ஒரு நிலவறையை வாடகைக்கு எடுப்பார்கள்.

அந்தக் குழுவில் அவனுக்கு வைத்த பெயர் சித்தார். கோபத்தில் வைத்ததல்ல, அன்போடு வைத்தது. அன்போடு வைத்த பெயரைத் திருப்பிக் கொடுப்பது கஷ்டம். 'உன்ர கிற்றாரில உன்ர நாடு கேக்குது' என்று அந்தப் பாடுகிற பிள்ளை சொல்லியிருக்கிறாள். அவன் ஒரு இடத்தில் தாளம் பிசகினால், அவர்களுடைய தாளம் வேறு என்று மற்ற மூவரும் தங்களுக்குள் தலையாட்டிக்கொள்வார்களாம். ஒருவரும் அவனைத் திருத்தவில்லை. அறைக்கு வந்து சொன்னான்: "அண்ணை, நான் என்ர சீவியத்தில சித்தாரைக் கண்ணால கண்டதில்லை."

பழுதா, பழக்கமா, எங்கே பழுது என்று கண்டுபிடிப்பது பெரிய வித்தையல்ல. பொறுமை வேண்டும், அவ்வளவுதான். நாங்கள் செய்த ஒழுங்கைச் சொல்கிறோம். கிற்றார் வைத்திருக்கிற பிள்ளைகள் உங்கள் வீடுகளிலும் இருக்கக்கூடும்.

முதலில் அம்பிளிபயரைக் கழற்றி வைத்துவிட்டு, கிற்றாரின் உடம்பில் காதை ஒட்டிக் கேட்டோம். கீறல் அங்கேயும் இருந்தது. ஆகவே மின்சாரத்தில் குற்றமில்லை. புதுத் தந்தி போட்டோம். கீறல் புதுத் தந்தியிலும் வந்தது. பிறகு மூன்றாவது தந்தியை வெறுமனே மீட்டினோம், முதலாம் மெட்டில் அழுத்தி மீட்டினோம், ஐந்தாம், ஒன்பதாம், பன்னிரண்டாம் மெட்டுகளிலும் மீட்டினோம். வெறும் தந்தியில் மட்டும் கீறல் வந்திருந்தால் கழுத்தின் தலைப்பக்கத்திலுள்ள கட்டை காரணம். ஒரு சில மெட்டுகளில் மட்டும் வந்திருந்தால் அந்த மெட்டுகள் காரணம். எல்லா இடத்திலும் ஒரே அளவில் வந்தது. எல்லாச் சுரத்துக்கும் பொதுவான முனை ஒன்றே ஒன்றுதான், குதிரை. கடைசியாக, குதிரைக்குப் பின்னால் தந்தி வால்கட்டையை நோக்கி இறங்குகிற இடத்தில் பெருவிரலால் கீழே அழுத்திக்கொண்டு மீட்டினோம். ரீங்காரம் பாதியாகக் குறைந்தது. விரலை எடுக்க, திரும்பி வந்தது. தந்தி சேணத்தில் ஒழுங்காக உட்காரவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

உயர்தரத்தில் படித்தவர்களுக்குச் சுரமானி ஞாபகம் இருக்கும். நீளப் பெட்டி, ஒரு கம்பி, நுனியில் தொங்குகிற படிகள், கம்பிக்கு அடியில் இரண்டு கத்தி விளிம்புகள். கம்பியின் நீளம், இழுவிசை, மீடிறன் ஆகியவற்றுக்கான சமன்பாட்டை எழுதுகிறபோது, கம்பி கத்தி விளிம்பில் சட்டென்று முடிகிறது என்று ஒரு நம்பிக்கை உள்ளே ஒளிந்திருக்கிறது. ஆசிரியர்கள் அதைச் சொல்வதில்லை. கிற்றாரின் மூன்றாவது தந்தி செக்கனுக்கு 196 தரம் அதிர்கிறது. அதன் முனை கத்தி விளிம்பாக இல்லாமல் அகலமான தட்டையாக இருந்தால், ஒவ்வொரு அதிர்விலும் தந்தி அந்தத் தட்டையில் கொஞ்சம் படிந்து, கொஞ்சம் எழும்பும். அதாவது செக்கனுக்கு 196 தரம் தந்தி தன் நீளத்தை மாற்றிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் உலோகத்தில் உரசுகிறது. அந்த உரசலில் உயர்ந்த மேற்றொனிகள் கூட்டமாகப் பிறக்கின்றன. அதுதான் கீறல், அதுதான் ரீங்காரம்.

நாங்கள் இதை விளங்கப்படுத்த, கட்டிலில் காலை நீட்டிக்கொண்டிருந்த அண்ணை எழும்பி உட்கார்ந்தார்.

"அப்ப உது தம்புராவெல்லே" என்றார்.

அவர் சொன்னது முழுக்கச் சரி. தம்புராவின் குதிரை வேண்டுமென்றே அகலமாக, மேற்புறம் மிக மெல்லிய வளைவாகச் செய்யப்படுகிறது. தந்திக்கும் குதிரைக்கும் இடையில் ஒரு பஞ்சு நூலை நுழைத்து, அதை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, தந்தி குதிரையை உரசியும் உரசாமலும் இருக்கிற இடத்தைத் தேடுவார்கள். அந்த நூலுக்குப் பெயர் ஜீவா. நூல் சரியான இடத்துக்கு வந்ததும் தந்திக்கு உயிர் வந்துவிடும். வீணையின் குதிரையிலும் மேலே உலோகத் தகடு வளைவாகத்தான் இருக்கிறது. சி.வி. இராமன் கல்கத்தாவில் இருந்த காலத்தில், 1921 இல், இந்த இரண்டு குதிரைகளையும் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தைக் கணுவாகக் கொண்ட மேற்றொனிகள் கேட்கக்கூடாது என்பது தோமஸ் யங்கின் விதி. தம்புராவிலும் வீணையிலும் அந்த மேற்றொனிகளும் நன்றாகக் கேட்கின்றன என்று இராமன் காட்டினார். காரணம் அந்த வளைந்த குதிரை. மேலைநாட்டுத் தந்தி வாத்தியங்களை வைத்து எழுதிய விதிக்கு எங்கள் குதிரை கட்டுப்படவில்லை. பல்கலைக்கழகத்தில் நாங்கள் சந்தோசமாக வாசித்த மிகச்சில விசயங்களில் இது ஒன்று.

அமெரிக்கர்களும் இதைத் தேடிப் போனார்கள். 1965 இல் பீட்டில்ஸ் குழுவின் ஜோர்ஜ் ஹரிசன் ஒரு பாட்டில் சித்தார் வாசிக்க, எல்லோருக்கும் அந்த ஒலி வேண்டியிருந்தது. சித்தார் பழக வருடங்கள் வேண்டும், அவர்களுக்கு வருடங்கள் இல்லை. 1967 இல் டானெலெக்ட்ரோ கொம்பனி, வின்னி பெல் என்ற வாத்தியக்காரரோடு சேர்ந்து, கோரல் என்ற பெயரில் எலெக்ரிக் சித்தார் ஒன்றை விற்பனைக்கு விட்டது. அடிப்படையில் அது கிற்றார்தான், அந்த ரீங்காரம் அதன் அகலமான குதிரையிலிருந்து வந்தது. ஆக, தம்பி 70 யூரோவுக்கு வாங்கியதை வேறு ஆட்கள் யோசித்து, அளந்து, காசு வாங்கி விற்றிருக்கிறார்கள்.

அண்ணை சும்மா இருக்கவில்லை. தன் வேலை ஏப்ரனின் ஓரத்திலிருந்து ஒரு நூலை இழுத்து எடுத்து, நாக்கில் நனைத்து, முறுக்கி, மூன்றாவது தந்திக்கும் சேணத்துக்கும் இடையில் நுழைத்தார். ஊரில் மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகத்தைக் கடந்து சைக்கிளில் போகிறபோதெல்லாம் வேலியோரம் நின்று கேட்ட மனிதர். நூலை நகத்தால் தள்ளித் தள்ளி, தம்பியை மீட்டச் சொன்னார். ஐந்தாறு தரம் ஒன்றுமில்லை. ஏழாம் தரமோ எட்டாம் தரமோ, கீறல் போய், ரீங்காரம் மட்டும் தனியாக எழும்பி, நீண்டு நின்றது. நாங்கள் மூவரும் வாயைத் திறக்கவில்லை. அண்ணையின் முகத்தை நாங்கள் பார்க்காமல் இருந்தோம்.

அடுத்த மீட்டலில் நூல் வழுக்கிவிட்டது. தம்புராக் குதிரையில் நூல் நகர இரண்டு மூன்று விரல் அகலம் இடமிருக்கிறது. கிற்றார்ச் சேணத்தில் தந்தி படுகிற இடம் சில மில்லிமீற்றர். நூலுக்கு அங்கே வீடில்லை.

"விடடா தம்பி, இதைத் தேய்க்காதை. இது எங்கட சத்தம்" என்றார் அண்ணை.

தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான்: "அண்ணை, அது உங்கட ஊர்ச் சத்தம். தம்புரா எங்கட வீட்டில ஆர் வைச்சிருந்தது? எங்களுக்குக் கோயில் மணியும் கடலும்தான். அவங்களும் எனக்கொரு சத்தம் தாறாங்கள், நீங்களும் ஒண்டு தாறியள்."

அண்ணை கோபித்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். எங்களைக் கேட்டால், இரண்டு பேரும் சொன்னதில் உண்மை இருந்தது. ஆனால் இரண்டும் சமனல்ல. தம்புரா செய்கிறவர் அந்த வளைவை நாட்கணக்காகச் சீவுகிறார். இந்தச் சேணத்தில் இருந்தது ஒருவரும் விரும்பிச் செய்ததல்ல. ஏதோ ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் தேய்ந்த கருவியால் வெட்டிவிட்டுப் போன பள்ளம். அதற்கு ஒரு நாட்டைக் காரணம் காட்டுவது நியாயமில்லை.

பிகாலுக்குக் கிட்ட, கிற்றார்க் கடைகளுக்குப் பேர்போன தெருக்களில் ஒரு கடையில் கேட்டான். 80 யூரோ என்றார்கள், கிற்றாரின் விலைக்கு மேல். நாங்களே செய்வது என்று முடிவானது. ஊசி அரங்கள் ஒரு கட்டு 9 யூரோ. தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற அரத்தாள், 1000 உம் 2000 உம், கார்ச் சாமான் கடையில்.

தந்தியைத் தளர்த்தி ஒருபக்கம் ஒதுக்கினோம். கிற்றாரின் காந்தங்களை, குசினியில் சாப்பாட்டுப் பெட்டிகளுக்குத் திகதி எழுதி ஒட்டுகிற ரேப்பால் மூடினோம். இரும்புத்தூள் காந்தத்தில் பிடித்தால் எடுப்பது பெரும்பாடு. பாத்திரம் விளக்குகிற கம்பித் தும்பைக் கிற்றாருக்குப் பக்கத்தில் கொண்டுவரவே கூடாது, அதற்கும் காரணம் இதுதான். ஒரு பஞ்சுத் துண்டைச் சேணத்தின் பள்ளத்தில் இழுத்துப் பார்த்தோம். கழுத்துப்பக்கத்து விளிம்பில் பஞ்சு மாட்டியது. பிசிர். கத்தி தீட்டுகிறவர்களுக்கு இது தெரிந்த சாமான். ஒரு பக்கத்தைத் தீட்டினால் மறுபக்கம் பிசிர் எழும்பும், கண்ணுக்குத் தெரியாது, பெருவிரலுக்குத் தெரியும். முதல் 'ஸ்ஸ்' அங்கிருந்துதான் வந்தது. பள்ளத்தின் அடி தட்டை, அகலம் தந்தியைப்போல் இரண்டு மடங்கு. மூன்றாம் தந்தியின் தடிப்பு அரை மில்லிமீற்றர்கூட இல்லை. அது அந்த அகலத்துக்குள் பக்கத்துக்குப் பக்கம் புரண்டுகொண்டிருந்தது.

செய்யவேண்டியது இவ்வளவுதான். பள்ளத்தின் நடுவில், முக்கோண அரத்தின் விளிம்பால், தந்தி நகராமல் உட்கார ஒரு சின்னக் கீற்று. அந்தக் கீற்று கழுத்துப்பக்கம் உயர்ந்தும் வால்பக்கம் சரிந்தும் இருக்கவேண்டும், தந்தி முன் விளிம்பில் ஒரேயொரு புள்ளியில் பிரிந்து போவதற்கு. சுரமானியின் கத்தி விளிம்பை இங்கே அரத்தால் செய்கிறோம். அரத்தை ஒரே திசையில், பாரம் கொடுக்காமல், மூன்று இழுப்பு இழுத்துவிட்டு, தந்தியைப் போட்டுக் கேட்கவேண்டும். திரும்ப மூன்று. கூடத் தேய்த்தால் தந்தி தாழ்ந்து மெட்டுகளில் முட்டும், அதற்குப் பிறகு புதுச் சேணம்தான். நாங்கள் பன்னிரண்டு இழுப்பில் நிறுத்தினோம். அரத்தாளை மடித்து 1000 ஆல் தேய்த்து, 2000 ஆல் மினுக்கி, பென்சில் கரியைக் கீற்றில் தடவினோம்.

கீறல் போய்விட்டது. ரீங்காரம் கொஞ்சம் மிச்சமிருந்தது. குனிந்து லைற் அடித்துப் பார்த்தபோது, வால்கட்டை அடிமட்டம்வரை இறுக்கப்பட்டிருந்தது தெரிந்தது. முந்தி வைத்திருந்தவர் யாரோ, சரிவு கூடக்கூட நல்லது என்று நினைத்திருக்கிறார். சரிவு அளவுக்குமேல் போனதால் தந்தி சேணத்தைத் தாண்டி, குதிரையின் பின் விளிம்பிலும் உரசிக்கொண்டிருந்தது. வால்கட்டையின் இரண்டு ஆணிகளையும் ஒன்றரைச் சுற்று மேலே எடுத்தோம். தந்திக்கும் பின் விளிம்புக்கும் இடையில் ஒரு கடதாசி போய்வரக்கூடிய வெளி வந்தது. ரீங்காரமும் நின்றது. பிறகு பன்னிரண்டாம் மெட்டில் அழுத்திய சுரமும், அதே இடத்தில் மெல்லத் தொட்டு எடுத்த மேற்றொனியும் ஒன்றாக வரும்வரை சேணத்தைத் திருகாணியால் நகர்த்தினோம். தந்தி பிரிகிற புள்ளி மாறினால் இதைச் செய்தே ஆகவேண்டும்.

அந்த நேரம் அண்ணை தலையைத் துவட்டிக்கொண்டு கதவடியில் நின்றார். தம்பி மூன்றாவது தந்தியை மீட்டினான். வெறும் சுரம். உருண்டையாக, பக்கத்தில் ஒன்றுமில்லாமல்.

"ம்... சுத்தமாக் கிடக்கு" என்றார் அண்ணை. பிறகு, "மற்றத் தந்தியளையும் பாருங்கோ. நாலாவதும் கத்துது" என்றார். அதுவரை மூன்றாவதின் சத்தத்தில் நாலாவது எங்களுக்குக் கேட்கவில்லை.

அடுத்த கிழமை நிலவறைக்குப் போய் வந்தவன், சப்பாத்தைக் கழற்றாமலே கட்டிலில் இருந்து சிரித்தான். இரண்டாவது பாட்டின் நடுவில் டிறம்ஸ்காரப் பொடியன் நிற்பாட்டி, நீ ஒவ்வொரு முறையும் பிந்தி வருகிறாய், எண்ணிக்கொண்டு வாசி என்று எல்லோருக்கும் முன்னால் ஏசினானாம். மாதக்கணக்காக அவன் பிந்தித்தான் வந்திருக்கிறான், இப்போதுதான் கேட்டிருக்கிறது. பாடுகிற பிள்ளை சித்தார் எங்கே என்று கேட்டாளாம். அரத்தால் தேய்த்துவிட்டோம் என்று பிரெஞ்சில் சொல்ல இவனுக்குச் சொல் வரவில்லை. அந்தச் சொல்லை எங்களிடம் கேட்டான். எங்களுக்கும் தெரியவில்லை, அண்ணைக்குத் தெரிந்திருந்தது.

நாலாவது தந்தி வருகிற திங்கட்கிழமை. அன்று றெஸ்ரோரன்ற் பூட்டு.